லெர்ஷன்பாக்குக்கு ஒரு தலைவர் தேவை

1

இது கதையாக எழுத உட்கார்ந்தது அல்ல. வட்டார இணையதளத்துக்கு எங்கள் ஊராட்சியைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பு கேட்டார்கள். இப்படித் தொடங்கினேன்:

‘காடு சூழ்ந்த மலைச்சரிவில் அமைந்த அழகிய சிற்றூர் லெர்ஷன்பாக்…’

(அடித்துவிட்டேன். பக்கத்து ஊர்க்காரனும் இதையேதான் எழுதியிருப்பான்.)

‘லெர்ஷன்பாக்கில் கடை இல்லை, பள்ளி இல்லை, தீயணைப்பு வண்டி உண்டு. அதை ஓட்டுபவர்…’

இந்த வாக்கியம் முடியவில்லை. ஓட்டுபவர் ஓர்ட்ரூட். அவர் வந்ததும் குறிப்பு கைநழுவிப் போய்விட்டது.

2

ஓர்ட்ரூட் மாட்டு வைத்தியர். கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஊருக்கு அவர் ‘புதுசா வந்தவ’தான். கணவர் ஏக்கார்ட் போன குளிர்காலத்தில் இறந்தார். மகள் காஸல் நகரத்துக்குக் கூப்பிட, வீட்டை விற்க ஏற்பாடும் ஆகிவிட்டது.

கதைக்கு வில்லன் வேண்டுமே என்று ஹார்ட்விக்கைப் பிடித்தேன். ஐம்பது பசு வைத்திருக்கும் பிடிவாதக்காரர். மேட்டில் காற்றாலை வைக்கலாம் என்று ஓர்ட்ரூட் சொன்னபோது, “இங்க பொறக்காதவளுக்கு எங்க மேட்டுல என்ன பேச்சு?” என்று சபையில் கத்தியவர். அதிலிருந்து மூன்று வருஷம் இருவரும் மாட்டைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

“காய்ச்சல் எறங்கிடுச்சா?”

“எறங்கிடுச்சு.”

அவ்வளவுதான். ஆனால் விடியற்காலையில் கூப்பிட்டாலும் ஓர்ட்ரூட் போகாமல் இருந்ததில்லை. ஹார்ட்விக் வேறு வைத்தியரைத் தேடியதும் இல்லை. இப்படிப்பட்ட ஆளை வில்லனாக்க எனக்குக் கை வரவில்லை.

3

பழைய தலைவர் முதுகுவலி என்று விலகினார். சம்பளமில்லாத வேலை, யாரும் முன்வரவில்லை. ஆள் கிடைக்காவிட்டால் கீழேயுள்ள நகரத்தோடு ஊரைச் சேர்த்துவிடுவார்கள். தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, அதன் கொட்டகையில் கூடினோம். பெஞ்சில் பீரும் உருளைக்கிழங்கு சாலடும் இருந்தன. எல்லோரும் அவரவர் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஹார்ட்விக் எழுந்தார். “ஓர்ட்ரூட் தலைவரா இருக்கட்டும்.”

யாரோ இருமினார்கள்.

“என்ன பாக்குறீங்க? என் மாட்டுக்கு நான் போடுற தீனி தப்புன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னவ அவ ஒருத்திதான். நீங்கல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு சொல்றவங்க.”

ஓர்ட்ரூட் சிரிக்கவில்லை. “வீட்ட விக்கிறேன்னு இவருக்குத் தெரியாதா?” என்று சபையைக் கேட்டார்.

ஹார்ட்விக் நேராக அவரிடமே திரும்பினார். “கையெழுத்துப் போட்டுட்டியா?”

“வெள்ளிக்கிழமை போடணும்.”

“அப்ப இன்னும் இந்த ஊர்க்காரிதான்.”

(அந்தச் சொல் ஓர்ட்ரூட்டைத் தொட்டது. கன்னம் சிவந்ததை நான் பார்த்தேன். அதற்கு மேல் எழுதினால் மிகையாகும்.)

“நான் வந்தா காத்தாலையும் வரும், ஹார்ட்விக்.”

“கொண்டா. எதுத்து மொதக் கை நான்தான் தூக்குவேன்.”

“அப்புறம் எதுக்கய்யா என்னக் கூப்பிடுற?”

“எதுக்குறதுக்கு ஒரு தலைவர் வேணாமா?”

கொட்டகை அதிரச் சிரித்தோம். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. உயராத கை ஓர்ட்ரூட்டுடையது மட்டும்.

4

கதைக்கு எழுதிப் பார்த்த முதல் முடிவு: ஓர்ட்ரூட் சம்மதிக்கிறார்; மகள் கோபிக்கிறாள். (தித்திப்பு அதிகம்.)

இரண்டாவது: நன்றி சொல்லி மறுக்கிறார், ஹார்ட்விக் தனியாக வீட்டுக்கு நடக்கி… (வேண்டாம்.)

நடந்தது எனக்குத் தெரியும், நான் அங்கேதான் இருந்தேன். எழுதலாமா என்று ஓர்ட்ரூட்டையே கேட்டேன்.

“நான் என்ன சொன்னேன்னு மட்டும் எழுதாத. அத எழுதினா இது என் கதையாயிடும். நீ ஊரப் பத்தித்தான எழுத வந்த? கை தூக்குனது ஊரு. அதோட நிறுத்து.”

நிறுத்துகிறேன். ஓர்ட்ரூட்டுடையதைத் தவிர எல்லாக் கைகளும் மேலே இருக்கின்றன. அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுகிறார். பெஞ்சில் உங்களுக்கும் இடம் விட்டிருக்கிறோம். அவர் சொல்லப்போவதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.