சாவி கீறிய இரண்டு கோடுகள்

என் வீட்டுச் சாவியால் அடுத்தவன் கடையைப் பூட்டியவன் நான். சாதாரணக் கடையா? நான்கு மாடி, ஆறு லிஃப்ட், எட்டுத் திசையிலும் கண்ணாடி. இதைச் சொன்னால் அக்காவின் கணவர் மட்டும், "ரெண்டு மாடி. லிஃப்டே கிடையாது. அடிச்சு விடுறதுக்கும் ஒரு அளவு வேணாமா மச்சான்?" என்பார்.

அளவைப் பற்றி என்னிடமா! முப்பத்தைந்து வருடம் எடை அளவுத் துறையில் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்திய கை இது. ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை. எதைச் சோதித்துச் 'சரி' என்று பட்டாலும், சாவி நுனியால் அதன் அடியில் இரண்டு கோடும் ஒரு புள்ளியும் கீறிவிடுவேன். வீட்டில் அந்த அடையாளம் இல்லாதவள் என் மனைவி மட்டும்தான். அவளைச் சோதிக்க இதுவரை தைரியம் வரவில்லை.

அக்காவுக்குக் காது மந்தமானபோது, அத்தானும் நானும் அவளைக் காது மிஷின் கடைக்கு அழைத்துப் போனோம். கண்ணாடி அறையில் உட்காரவைத்து மிஷினை மாட்டிவிட்டு, விற்பனையாளன் அவள் முதுகுக்குப் பின்னால் காகிதத்தைக் கசக்கினான். அக்கா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் மிஷினை வாங்கிப் புரட்டினேன். கை தன் வேலையைச் செய்துவிட்டது. "பேக் பண்ணித் தரேன் சார்" என்று அவன் உள்ளே எடுத்துப் போனான்.

வீட்டுக்கு வந்த மிஷின் கொர்ரென்று இரைந்ததோடு சரி. மூன்று முறை அக்கா அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். மூன்றாவது முறை அந்த விற்பனையாளன் அக்காவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அத்தானிடம் சொன்னான்: "மிஷின் சூப்பரா வேலை செய்யுது சார். அம்மாவுக்குத்தான் புத்தி தடுமாறுது. நல்ல இடமாப் பார்த்துச் சேர்த்துடுங்க."

அத்தான் நம்பினார்! நாற்பது வருடம் கூடவே வாழ்ந்தவளை விட்டுவிட்டு, நாலு நிமிடம் பார்த்த டை கட்டினவனை நம்பினார். முதியோர் விடுதிப் படிவம் மேசைக்கு வந்துவிட்டது. முப்பது வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த என் அக்கா, "நிஜமாவே எனக்குப் புத்தி கெட்டுப்போச்சாடா?" என்று என்னிடம் கேட்டாள்.

அப்போதுதான் மிஷினைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் வழுவழுவென்று இருந்தது. கடையில் நான் கீறிய கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் தெரு முழுக்க மின்சாரம் போய்விட்டது.

"காலையிலேயே போச்சு" என்றார் அத்தான்.

நேராக நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி முழுவதையும் கேட்டார். "அடையாளத்தை இப்பவே வரைஞ்சு குடுங்க, கவர்ல போட்டு சீல் வெச்சுடலாம். அப்புறமா, மிஷினைப் பார்த்துட்டுத்தான் வரைஞ்சீங்கன்னு அவன் சொல்லிடக் கூடாது பாருங்க." அட, எங்கள் துறைக்கு வந்திருக்க வேண்டியவர்!

மறுநாள் அவரே காது கேளாதவராக நடித்து அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்தார். அதே காகிதம், அதே கசக்கல். மிஷினைக் கழற்றி, வெளியே நின்ற எங்கள் மூவரையும் உள்ளே கூப்பிட்டார். திருப்பினார். இரண்டு கோடு, ஒரு புள்ளி. கவரைக் கிழித்து, நான் வரைந்ததைப் பக்கத்தில் வைத்தார்.

"அது... காட்டுறதுக்கு வெச்சிருக்கிற பீஸ் மேடம். எல்லாக் கடையிலயும் வழக்கம்தான்."

"நல்லதைக் காட்டிட்டு ஓட்டையைத் தலையில கட்டுறது வழக்கமா? டிராயரைத் திறங்க."

யார் யாரோ திருப்பிக் கொடுத்த பழைய மிஷின்கள், துடைத்து, புதுப் பெட்டிக்குள். நாற்பதாயிரம் மிஷின் இருக்கும்.

"இருபத்தேழு" என்றார் அத்தான்.

சரி, இருபத்தேழு. இருபத்தேழு பேருக்குப் புத்தி தடுமாறியிருக்கிறது! நான் அவன் சட்டையைப் பிடிக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். அடையாளம் போட்ட மிஷினை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டு அவன் எதிரே போய் நின்றாள்.

"இப்ப சொல்லு தம்பி. மெதுவாவே சொல்லு. எனக்கு என்ன தடுமாறுது?"

சாயங்காலத்துக்குள் ஷட்டரை இறக்கி, அரக்கு வைத்துவிட்டார் அதிகாரி. அரக்கு அவருடையது, கோடு கீறிய சாவி என்னுடையது. அக்காவுக்குப் புது மிஷின் வந்தது, நான் சோதித்துக் கோடு போட்டது.

இதை நேற்றும் அக்கா வீட்டில் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சமையலறையில் அத்தான், தனக்குள்தான், "நாலு மாடியாம்" என்று முணுமுணுத்தார்.

கூடத்திலிருந்து அக்கா கேட்டாள்: "மாடியை விடுங்க. என் தம்பி கடையைப் பூட்டினானா, இல்லையா?"

பாத்திரச் சத்தம் நின்றது.

"பூட்டினான்" என்றார் அத்தான். "அந்தப் படிவத்துல கையெழுத்துப் போட நான் பேனாவைத் திறந்ததும் நிஜம்தான்."