பல் பிடுங்கிய வாரம்

கிடங்கில் எல்லோரிடமும் பல் பிடுங்கப் போவதாகத்தான் நெட்டையன் சொல்லியிருந்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் பொய் சொன்னால் இப்படித்தான் ஆகும். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான். பல் பிடுங்கியவன் எத்தனை நாள் படுப்பான் என்று யோசிக்கவில்லை.

உண்மையைச் சொல்லவும் வழியில்லை. சிமெண்ட் மூட்டை ஏற்றும் அந்தக் கூட்டத்தில் முன்பு ஒருத்தர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்குப் பெயர் ‘காலி மூட்டை’. தலையைக் கண்டாலே, “காலி மூட்டை வருது, மடிச்சு வைங்கடா” என்பார்கள். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஆளே வரவில்லை. அந்தப் பெயரை வைத்தவன் கட்டையன். வயிறு குலுங்கச் சிரித்தவன் நெட்டையன்.

கட்டையன் வேறு யாருமில்லை, நெட்டையனின் ஜோடி. அங்கே ஒரு மூட்டையை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, ஒரே மூச்சில் வீசி லாரியில் ஏற்ற வேண்டும். நெட்டையன் முழங்காலை மடக்கவும் கட்டையன் குதிகாலை உயர்த்தவும் பழகிப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. முகம் பார்க்கக்கூட வேண்டாம். ஒருவன் மூச்சு இழுத்தால் மற்றவன் கை எழும்.

ஆனால் மூன்றாவது பிரசவத்தில் நெட்டையனின் மனைவி செத்துப் பிழைத்திருந்தாள். இன்னொன்று வந்தால் தாங்க மாட்டாள், அவளுக்கு ஆபரேஷன் செய்யவும் உடம்பில் தெம்பில்லை என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். “நீங்க பண்ணிக்கலாமே. சின்ன வேலைதான்” என்றார். “வேணாங்க, பாரம் தூக்குற உடம்பு” என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போனாள். அவள் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இவன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டான்.

“கூட யாரு வந்திருக்காங்க?” என்று நர்ஸ் கேட்டாள்.

“வெளிய இருக்காங்கம்மா.”

வெளியே அவன் செருப்புதான் இருந்தது.

சம்மதத் தாளை நீட்டினாள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத்து கற்றவன். கையெழுத்து என்று கிறுக்கத் தெரியாது. முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்கும்வரை அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சவரம் செய்தார்கள். ஊசி சுருக்கென்று குத்தி, மரத்துப்போனது. அடிவயிற்றுக்குள் யாரோ நூலைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. வலி என்று சொல்ல முடியாது. இருபது நிமிஷத்தில் எழுந்திருக்கச் சொன்னார்கள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். இறுக்கமா ஜட்டி போடுங்க, ஐஸ் வைங்க. ஏழு நாளைக்கு பாரம் தூக்காதீங்க. இன்னிக்கே பலன் வராது. மூணு மாசம் கழிச்சு டெஸ்டுக்கு வாங்க, அதுவரைக்கும் ஜாக்கிரதை. எல்லாம் தாள்ல இருக்கு.”

பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்து சேர்ந்தான்.

மறுநாள் பார்த்தால் அந்த இடம் நாவற்பழமாகக் கறுத்திருந்தது. கேட்க ஆளில்லை. தாளை எடுத்து எழுத்துக் கூட்டினான். ‘தோல் நீலமாவது இயல்பு.’ அந்த ‘இயல்பு’ என்ற சொல்லை நாலு தடவை படித்தான். அறையில் அவன் குரல் மட்டும் கேட்டது. துணியில் சுற்றிய ஐஸ் உருகிப் பாயை நனைத்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் கட்டையன் வந்து நின்றான். நெட்டையன் சட்டென்று கன்னத்தில் கை வைத்தான்.

“வாயத் தொறடா. எந்தப் பல்லு?”

திறந்தால் எல்லாப் பல்லும் வரிசையாக நிற்கும். “தொறக்கக் கூடாதாம்.”

“அப்புறம் எப்படிப் பேசுற?”

“பேசலாமாம்.”

தண்ணீர் கொண்டுவர எழுந்து நடந்தான்.

“பல்லப் புடுங்குனா காலு ஏன்டா அகலுது?”

“படுத்தே கெடந்தேன். மரத்துப்போச்சு.”

கட்டையனுக்கு எழுத்து தெரியாது. தலைமாட்டில் கிடந்த தாளை எடுத்து நீட்டினான். “என்னதான் சொல்றாங்க? படி.”

நெட்டையன் தொண்டையைச் செருமினான். “பல் எடுத்த... இடத்தில்... வீக்கம் இருக்கலாம். ஏழு நாட்களுக்கு... பாரம் தூக்கக் கூடாது.”

“பல்லாலயாடா மூட்டை தூக்குற?”

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்ததில் கீழே சுரீரென்று இழுத்தது. கட்டையன்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினான்.

“நாளைக்கு நீ வரலைன்னா எனக்கு வேற ஆளைப் போட்டுடுவேங்கிறாரு மேஸ்திரி. ஒரு பல்லுக்காக என்னை விட்டுடாதடா.”

“கட்டையா...”

“என்ன?”

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காலி மூட்டை என்று கூப்பிட்டபோதெல்லாம் அந்த மனுஷன் தானும் சேர்ந்து சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது.

“ஒண்ணுமில்ல. பாக்கலாம்.”

“உன் இஷ்டம்.” தாளைத் தலைகீழாக வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் விடிந்ததும் நெட்டையன் சட்டை மாட்டிக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிப் பார்த்தான். வாளி தரையை விட்டுக் கிளம்புமுன்னே அடிவயிற்றில் பிடித்து இழுத்தது. இறக்கிவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

எட்டாம் நாள் கிடங்குக்குப் போனான். கட்டையன் எதிரே புது ஆள் நின்றான், அவனும் கட்டையன் உயரம்தான். கட்டையன் பழக்கத்தில் குதிகாலை உயர்த்தி, வேண்டியதில்லை என்று இறக்கினான். மேஸ்திரி நெட்டையன் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, சிந்தியதைக் கூட்டச் சொன்னார்.

“பல்லு ஆறிடுச்சா?” என்று கட்டையன் கேட்டான்.

“ஆறிடுச்சு.”

நெட்டையன் ஓரமாகப் போய் மனைவிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னான். மூன்று மாசக் கணக்கையும் சொன்னான். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“கூட யாருங்க இருந்தா?”

“கட்டையன்தான். ஐஸ் வாங்கியாந்ததுகூட அவன்தான்.”

“குடுங்க அவர்கிட்ட. ஒரு வார்த்தை சொல்லணும்.”

“மூட்டை ஏத்துறான்மா.”

லாரியடியில் கட்டையன் மூச்சு இழுத்தான். இங்கே, துடைப்பம் பிடித்த கை தானாக எழுந்தது.