றெயில்வே உத்தியோகம்

இரண்டாம் பெட்டியின் பித்தளைக் கைபிடிகளை அகஸ்ரின் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிளாட்பாரத்தில் ஆட்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். தொண்ணூறு வயது றெயில் அது. மர இருக்கை, தோல் வாரைப் பிடித்து இறக்கும் யன்னல். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துப் பெரிய ஸ்ரேசனான ஸ்தாசியோனே சென்ட்ராலேயிலிருந்து கடலோரமாகச் செஃபலூ ஊர் வரைக்கும் காட்சி பார்க்கிறவர்களை ஏற்றிப் போகும். அவர்கள் பழமையை ரசிக்க ஏறுமுன் அந்தப் பழமையின் தூசியையும் கக்கூஸ் மணத்தையும் போக்குவது அகஸ்ரினின் வேலை. ஓடும்போதும் வாளியோடு கூடவே போகவேண்டும்.

வீட்டில் இது தெரியாது. அவன் மனைவி கிளறாவின் தகப்பன் மன்னாரில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து பென்சன் எடுத்தவர். ஹோட்டல் வேலை போய் நாலு மாதம் சும்மா இருந்தவன் "றெயிலிலை வேலை கிடைச்சிட்டுது" என்றதுதான் தாமதம், மிச்சத்தைச் சொல்ல அவள் விடவில்லை. அந்தோனியார் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு அழுதாள். வேலை தொடங்க முந்தின ஞாயிறு தமிழ்ப் பூசையில், றெயில்வே உத்தியோகம் கிடைத்ததற்கு நன்றியாக என்று பங்குச் சுவாமி வாசித்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு சொல்வது? பொய் சொல்ல வாய் வராத மனுசன், பல்லரோச் சந்தையில் ரிக்கற் பார்க்கிறவர்கள் போடுகிற மாதிரி ஒரு நீலச் சட்டை மட்டும் வாங்கினான். சனிக்கிழமைகளில் கிளறா அதை அயன் பண்ணி மாட்டிவைப்பாள். அவன் அதைப் போட்டு வந்து, ஸ்ரேசன் கக்கூஸில் பச்சை ஓவரோலுக்கு மாறுவான். இப்படியே எட்டு மாதம்.

தேய்த்த கை அப்படியே நின்றது. பிளாட்பாரத்தில் கிளறா வந்துகொண்டிருந்தாள். கலியாண வீடுகளுக்கு எடுக்கும் சேலை. ஒரு பக்கம் அவள் சிஞ்ஞோரா என்று கூப்பிடும் வேலை வீட்டு எசமானி, மறுபக்கம் சிஞ்ஞோராவின் கிழட்டுத் தாய். தாயைக் கிளறாதான் தாங்கிப் பிடித்திருந்தாள்.

அகஸ்ரின் பெட்டிக் கடைசியிலிருந்த கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். பலகைச் சுவர், எல்லாம் கேட்டது.

"எங்கை உன்ரை புருசன்? அவர்தானே எங்களுக்கு ரிக்கற் பாக்கப் போறார்?" சிஞ்ஞோரா இத்தாலியனில் கேட்டாள்.

"முன்னுக்கு நிப்பார், சிஞ்ஞோரா. வேலையிலை நிக்கிற ஆளைக் கரைச்சல்படுத்தக் கூடாது," என்று கிளறா சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் போனுக்கு அவள் குரல் பதிவாக வந்தது. "இஞ்சேருங்கோ, சொல்லாமல் வந்திட்டன். ரண்டாம் பெட்டியிலை இருக்கிறன். ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போங்கோ." அவன் போனை அணைத்தான். றெயில் புறப்பட்டதும் தலையைக் குனிந்தபடி கடைசிப் பெட்டிக்குப் போனான்.

பகேரியா ஸ்ரேசன் தாண்டியதும் மேற்பார்வைக்காரி வந்தாள். "ரண்டாம் பெட்டிக்குப் போ. ஒரு கிழவி சத்தி எடுத்துப்போட்டா."

"வேறை ஆரும்..."

"வேறை ஆர் இருக்கினம்? ஏலாதெண்டால் அடுத்த ஞாயிறு வரவேண்டாம்."

அவன் போனபோது கிளறா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கைலேஞ்சியால் நிலத்தைத் துடைத்தபடி குந்தியிருந்தாள். சிஞ்ஞோரா அவள் தோளைப் பிடித்து எழுப்பினாள்.

"விடு கிளறா. இண்டைக்கு நீ எங்கடை விருந்தாளி. இதுக்கெண்டு ஆள் இருக்கு."

கிளறா நிமிர்ந்தாள். பச்சை ஓவரோலைப் பார்த்தாள், பிறகு முகத்தை. அகஸ்ரின் வாளியை வைத்துவிட்டுக் குனிந்தான். நிலம் பிளந்தால் இறங்கியிருப்பான்.

"இவரும் உங்கடை நாடோ?" என்றாள் சிஞ்ஞோரா, பிரியமாக.

"ஓம்."

"அப்ப உன்ரை புருசனை இவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

கிளறா கைலேஞ்சியைச் சுருட்டினாள். "தெரியும், சிஞ்ஞோரா."

கடல் தெரியத் தொடங்கியது. எல்லோரும் போன்களோடு யன்னலுக்குப் பாய்ந்தார்கள். சிஞ்ஞோரா தன் கால்களை இருக்கையில் தூக்கி வைத்துக்கொண்டு, கிளறாவின் முழங்காலில் தட்டி, நீயும் தூக்கு என்று சைகை காட்டினாள். கிளறா சேலைக் கரையை இரண்டு கையாலும் கூட்டிப் பிடித்துக் கால்களை உயர்த்தினாள். அதற்குக் கீழே அவன் துடைத்தான்.