மாஸ்டர் பக்கத்து பிரேக்

வாசலைத் தாண்டுவதற்குள் வண்டி மறுபடி குலுங்கி நின்றது.

"சித்தப்பா, காலை எடுங்க," என்றாள் அவள்.

"நான் எங்கம்மா மிதிச்சேன்? அதுவா வந்து கால்ல படுது."

அது அப்பாவின் டிரைவிங் ஸ்கூல் வண்டி. சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அப்பா போன பிறகு வீட்டில் பெரியவர் என்ற முறையில் அந்த இடத்தில் அவர் தம்பி ஏறிக்கொண்டார். ஆயுளில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாத மனிதர். காலடியில் ஒரு பிரேக் கிடைத்ததும், உலகத்தையே காப்பாற்றும் பொறுப்பு தன் தலையில் விழுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். பின்சீட்டில் அம்மா ஒரு கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

அமரர் ஊர்தி முன்னே போய்விட்டது. அப்பாவிடம் ஓட்டக் கற்றவர்களின் கார்கள் ஒவ்வொன்றாக இவர்களைத் தாண்டிப் போயின. பெற்ற மகள்தான் வரிசையில் கடைசி.

முந்தின நாள் மாலை அப்பா யாருக்கோ ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, "டீ ஆறட்டும்" என்று நாற்காலியில் சாய்ந்தார். டீ ஆறிவிட்டது. அவர்தான் எழவில்லை. இன்று காலை, நான் ஓட்டறேன், நான் ஓட்டறேன் என்று மாணவர்கள் வண்டிச் சாவிக்குப் போட்டி போட்டார்கள். "அவ ஓட்டட்டும்," என்று சொல்லி அம்மா சாவியை மகள் கையில் வைத்தாள்.

அம்மாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. இந்த வண்டியை அவள் தானாக ஒருமுறைகூட நிறுத்தியதில்லை. அவள் கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்தப் பக்கம் அப்பா மிதித்திருப்பார். லைசென்ஸ் அவள் பெயரில் இருந்தது, பிரேக் அவர் பெயரில். இப்போது இரண்டு உயிர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள்.

அப்பாவுக்கு ஒரே பாடம்தான்: விட்டு விட்டு மிதி. ஒரேயடியாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி வழுக்கும், ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கேட்காது. பழைய வண்டிகளுக்கு அது சரி. இந்தப் புது வண்டி வந்த அன்று சாப்பாட்டு மேசையில் அவள் வாயைக் கொடுத்தாள்.

"அப்பா, இதுல ஏபிஎஸ் இருக்கு. ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு சென்சார் பாத்துக்கிட்டே இருக்கும். சக்கரம் பூட்டிக்கப் போகுதுன்னா, அதுவே பிரேக்கைக் கொஞ்சம் விட்டு மறுபடி பிடிக்கும். ஒரு நொடிக்குள்ள பல தடவை. ஈர சோப்பை இறுக்கிப் பிடிச்சா நழுவிடும், விட்டு விட்டுப் பிடிப்போமே, அந்த மாதிரி. நாம அமுக்கிப் பிடிச்சா போதும். பெடல் உதறும். பயந்து காலை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"நான் கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறேன். குளிக்க இல்ல," என்றார் அப்பா.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்ப நான் இத்தனை வருஷமா சொல்லிக்குடுத்தது?"

அதன்பிறகு இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

மழை பிடித்துக்கொண்டது. மேம்பாலத்து இறக்கத்தில் முன்னால் போன கார்கள் வேகத்தைக் குறைத்தன. பிரேக் விளக்குகள் அணைந்து எரிந்து அணைந்து எரிந்தன, வரிசை முழுக்க.

"என்னம்மா, எல்லா வண்டியும் கண்ணடிக்குது?" என்றார் சித்தப்பா.

"அப்பாவோட ஸ்டூடண்ட்ஸ், சித்தப்பா. விட்டு விட்டு மிதிக்கிறாங்க."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. நேர் முன்னால் போன தெருமுனை பேக்கரிக்காரம்மாவும் அப்பாவிடம் கற்றவர்தான்; அவர் காரில் மட்டும் விளக்கு ஒரேயடியாக எரிந்தது. ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அமரர் ஊர்திக்குக் குறுக்கே ஒரு நாய் ஓடியது. வரிசை மொத்தமும் சட்டென்று நின்றது. பேக்கரிக்காரம்மாவின் காரும் நின்றது. வழி நெடுக வீணாக மிதித்துக்கொண்டு வந்த சித்தப்பா, தேவைப்பட்ட நேரத்தில் இரண்டு காலையும் தூக்கி டேஷ்போர்டின்மேல் வைத்துக்கொண்டார்.

அவள் மிதித்தாள். பெடல் உள்ளங்காலில் கடகடவென்று உதறியது. காலை எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் ஒடித்தாள், வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. முன்வண்டியை உரசாமல் ஓரமாகப் போய் நின்றது.

"யாரும் மிதிக்கல," என்றார் சித்தப்பா, தன் பக்கத்து பிரேக்கைப் பார்த்தபடி. "தானா ஆடிச்சும்மா. அண்ணன்தான்."

இரண்டு பிரேக்கும் ஒரே கம்பியில் இணைந்தவை, இது ஆடினால் அதுவும் ஆடும் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

"வண்டி நின்னுடுச்சும்மா," என்றாள் அம்மா பின்னாலிருந்து. "காலை எடு."

பேக்கரிக்காரம்மா குடையோடு இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தார். "ஒண்ணும் ஆகலையே?"

"இல்லக்கா. உங்க பிரேக் லைட் ரிப்பேரா? சிமிட்டவே இல்ல."

"அது எதுக்குச் சிமிட்டணும்? அமுக்கிப் பிடி, பெடல் உதறினாலும் காலை எடுக்காதேன்னுதானே மாஸ்டர் சொல்லிக்குடுத்தார்."

"விட்டு விட்டு மிதின்னு சொல்லலையா?"

"அதெல்லாம் பழைய ஆளுங்களுக்கு. இந்த வண்டி வந்தப்புறம் சேந்த எங்களுக்கு இதான் பாடம். ஈர சோப்பு மாதிரின்னு அழகா சொல்வாரே. குளிக்கும்போது அவரே யோசிச்சுக் கண்டுபிடிச்சாராம்."

அம்மா கைக்குட்டையை முன்னால் நீட்டினாள்.

மயானத்து வாசலில் வரிசை மறுபடி மெதுவானது. விளக்குகள் சிமிட்டிச் சிமிட்டி நின்றன. பேக்கரிக்காரம்மாவின் விளக்கு மட்டும் அசையாமல் எரிந்தது. அவள் பிரேக்கை அமுக்கிப் பிடித்தாள்.

சித்தப்பா கால்களை இருக்கையின்மேல் சம்மணம் போட்டு மடக்கிக்கொண்டு, கீழே அண்ணனுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்.