சிந்துவின் தலையில் எண்ணெய்

கிள்ளான் ஆற்று முதலை ஒன்று எனக்கு வணக்கம் சொன்னது, அதுவும் சுத்தத் தமிழில். இதை நான் பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் விவரித்துக்கொண்டிருந்தபோதுதான் உஷாராணி எனக்குப் போன் அடித்திருக்கிறாள். ஏழு தடவை. சட்டைப்பையில் அது துடித்தது தெரியும். முதலை இன்னும் பேசி முடிக்கவில்லையே என்று விட்டுவிட்டேன்.

எங்கள் மோர்மன் சபையில், நோயாளியின் உச்சந்தலையில் ஒரு சொட்டு ஒலிவ எண்ணெய் வைத்துக் கைகளை வைத்து ஆசீர்வதிப்பது ஆசாரியத்துவம் பெற்ற ஆண்களின் வேலை. பொய்யனான எனக்கு அந்த உரிமை உண்டு. உஷாராணிக்குக் கிடையாது. அவள் மகள் சிந்துவுக்கு ஒன்பது வயது, ரத்தப் புற்று. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டில், சவப்பெட்டிக்குள், முடி கொட்டிய அந்தச் சின்னத் தலை எண்ணெயில் மின்னியது. சபைத் தலைவர் கமலநாதன் குனிந்து பார்த்தார்.

"யாரு பிரதர் ஆசீர்வாதம் கொடுத்தது? அடக்கத்துல பேர் சொல்லி நன்றி சொல்லணும் லா."

உஷாராணி கூப்பிட்டிருந்த மற்ற சபைக்காரர்களில் ஷா ஆலம்காரர் சாலை ஜாமில் மாட்டியவர். அம்பாங்காரர் வேலையில் இருந்தவர். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். உஷாராணி வலது கையைத் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான், பிரசிடெண்ட்," என்றேன். "மூணு மணிக்கு. பிள்ளை சிரிச்சா."

எழுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக எல்லோரும் என்னை நம்பினார்கள். கமலநாதன் என் கையைக்கூடப் பிடித்துக் குலுக்கினார்.

"பொய் சொல்லாதீங்க அங்கிள்," என்றாள் உஷாராணி. "நீங்க வரல."

"உனக்காகத்தானம்மா..."

"பக்கிரிசாமி அங்கிள் வந்துட்டே இருக்காருன்னு அவகிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிருச்சு. அப்புறம்தான் அவங்கப்பா சாவிக்கொத்துல இருந்த எண்ணெய்க் குப்பிய நானே தொறந்தேன். அவரு உயிரோட இருந்திருந்தா உங்கள ஏன் கூப்பிடப்போறேன்? தப்புன்னா சபை என்னைக் கேக்கட்டும். ஆனா அவ தலையில கடைசியா இருந்தது என் கை. அதையும் எடுத்துக்காதீங்க."

கமலநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"என்ன சொன்னீங்க சிஸ்டர், கைய வச்சு?"

"பயப்படாதம்மான்னு சொன்னேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாதே, பிரசிடெண்ட்."

எனக்கு அந்த ஆசீர்வாதத்துக்கான வார்த்தைகள் எல்லாமே மனப்பாடம்.