சுருட்டும் கை

முதல் வார்த்தைக்கே ஒத்துக்கொள்கிறவனை எங்கள் வீட்டில் நம்ப மாட்டார்கள். ஒன்று அவன் சரக்கு மட்டமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நாம் கேட்டது குறைவாக இருக்க வேண்டும் என்பார் அப்பா. ஒரு துணிக்கடையில் பிறந்து இன்னொரு துணிக்கடைக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். அதனால் குதிரை லாயத்து வாத்தியார் நான் கேட்டதற்கு உடனே சரி என்றபோது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அவரை லாயத்தில் முக்கால் என்பார்கள். ஒரு காலத்தில் பந்தயக் குதிரை ஓட்டியவர். முப்பத்தைந்து வயது, உயரத்தில் முக்கால் ஆள். வாரம் இரண்டு நாள் பாடம் என்றார். மூன்று நாள் வேண்டும் என்றேன். சரி என்றார். ஐந்தில் ஆரம்பித்திருக்கலாமே என்று வீடு வந்து சேரும்வரை என்னை நானே நொந்துகொண்டேன்.

ஐம்பத்திரண்டு வயதில் குதிரை ஏறப் போனது ஆசைக்காக அல்ல. லாயத்தின் மூன்றாவது கொட்டடியில் நின்ற பெண்குதிரை என் மகளுடையது. வெள்ளை உடம்பு முழுக்கக் கரும்புள்ளி, யாரோ இடித்துத் தூவியதுபோல. மிளகு என்று பெயர் வைத்திருந்தாள். மகள் கால்நடை மருத்துவர். வெளியூரில் வேலைக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வாரம் தவறாமல் தகப்பனோடு போனில் பேசுவாள். என்னோடு பேசுவதில்லை.

காரணம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் நடந்த ஒரு பேரம். இரண்டு வருஷம் அங்கே வேலை பார்க்கப் போகிறேன் என்றாள். ஒரு வருஷம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, ஒரு வருஷம் என்றாள். அவள் இறங்கியதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. மாதம் ஒரு முறை வரவேண்டும் என்றேன். சரி என்றாள். இரண்டு முறை என்றேன். அதற்கும் தலையாட்டினாள். இவ்வளவு தூரம் இறங்குகிறவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போகாமலே இருந்துவிடுவாள் என்று என் புத்தி சொன்னது. இப்படி ஓடி ஓடி வருவதற்கு அந்த வேலை எதற்கு, பேசாமல் இங்கேயே இரு என்றேன்.

அவள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தாள். சத்தம் போடவில்லை.

"நான் ஒரு படி இறங்கினா, நீ ரெண்டு படி ஏறி வர்றே. இனிமே உன்கூடப் பேரமே இல்லம்மா."

அதற்குப் பிறகு அவள் குரலை என் கணவரின் போனிலிருந்து கசிகிற அளவுக்குத்தான் கேட்டிருக்கிறேன்.

மிளகை அவளுக்குப் பதிலாக ஓட்டிக்கொண்டிருந்த பெண் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஓட்ட ஆளில்லாமல் கட்டிப்போட்ட குதிரை உடம்பும் கெடும், குணமும் கெடும். நல்ல கையாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள் என்று மகள் முக்காலுக்கு எழுதியிருக்கிறாள். இதை என் கணவர் மெதுவாக எடுத்துச் சொன்னார். எனக்குத் தோன்றியது ஒன்றுதான். மிளகும் போய்விட்டால் அவள் இந்த ஊருக்கு வர என்ன இருக்கிறது? அப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் ரயில் ஏறி வரச் சொல்லிவிடுவாள். குதிரையை அப்படி ரயிலேறச் சொல்ல முடியாதே.

மறுநாள் காலை லாயத்துக்குப் போய், மிளகை நான் ஓட்டுகிறேன் என்றேன். முக்கால் சிரிக்கவில்லை. குதிரைக்குச் சொந்தக்காரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பதில் இரண்டு நாளில் வந்தது. மூன்று மாதம் பார்க்கலாம். முடிவில் என் கையை மிளகு தாங்குமா தாங்காதா என்று முக்கால் சொல்லட்டும். தாங்கும் என்றால் இருக்கும், இல்லையென்றால் போகும். இதில் பேரம் பேச எனக்கு ஒரு நூல் இடமும் இல்லை.

முதல் மாதம் மிளகைத் தொடவே விடவில்லை. பென்ஷன் என்று ஒரு கிழட்டுக் குதிரை. பேருக்கேற்றபடி, செய்ய வேண்டிய வேலையெல்லாம் செய்து முடித்தாகிவிட்டது என்ற முகம். முக்கால் நீளக் கயிற்றில் அதைப் பிடித்துக்கொண்டு மணல் வட்டத்தின் நடுவே நிற்பார். நான் அதன் மேல் மூட்டைபோல் உட்கார்ந்து சுற்றுவேன். குதிகால் கீழே, முதுகு நேரே, கண் மேலே. பயத்தில் நான் மணலையே பார்ப்பேன்.

"தரையைப் பாக்காதீங்கக்கா. எங்க பாக்கறீங்களோ அங்கதான் போவீங்க."

இரண்டு முறை போனேன்.

துள்ளுநடைதான் உயிரை எடுத்தது. குதிரை ஒரு காலை வைக்கும்போது எழ வேண்டும், மறு காலை வைக்கும்போது உட்கார வேண்டும். நான் எழும்போது அது இறங்கும், நான் இறங்கும்போது அது எழும்பும். எதிரெதிர்க் கடைக்காரர்கள்கூட அப்படி மோதிக்கொள்ள மாட்டார்கள். தொடையின் உட்புறம் தோல் உரிந்து, கல்லாவில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வியாபாரம் பார்த்தேன். உட்காரப் பழகப் போனவள் உட்காரவே முடியாமல் வந்து நிற்கிறாளே என்றார் கணவர். கடைச் சிப்பந்திகள் மடித்த துணியையே மறுபடி மடித்துச் சிரிப்பை மறைத்தார்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு காலை அது பிடிபட்டது. மீட்டர் கோலில் துணி அளக்கும்போது கைக்கு ஒரு தாளம் உண்டு. நீட்டு, பிடி, நீட்டு, பிடி. அந்தத் தாளத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பென்ஷன் என்னைத் தூக்க, நான் எழுந்தேன். அது விட, நான் உட்கார்ந்தேன். ஒரு வட்டம் முழுக்க மோதல் இல்லை. முக்கால் கயிற்றைக் கழற்றிவிட்டு, அடுத்த பாடத்துக்கு மிளகு என்றார்.

மிளகு பென்ஷன் அல்ல. உட்கார்ந்ததுமே யார் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. நடந்தது, திரும்பியது, நில் என்றால் நின்றது. நின்ற பிறகுதான் தகராறு. தலையை உதறும், வாயைப் பிளக்கும், பின்னாலேயே போகும். ஒரு நாள் அப்படிப் பின்வாங்கிப் போய் என் முழங்காலை வேலிக்கட்டையில் வைத்துத் தேய்த்தது. குதிரைக்கு என்னைப் பிடிக்கவில்லை, மகளைப் போலவே என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். மூன்று மாதத்தில் ஒன்றரை போய்விட்டது.

முக்கால் என்னை இறக்கினார். கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்காரவைத்து, கடிவாள வார் இரண்டையும் கையில் கொடுத்தார். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார்.

"நான்தான் குதிரை. என்னை நிறுத்துங்க."

இழுத்தேன். வார் விறைத்தது. அவர் கை ஒரு விரற்கடை என் பக்கம் வந்தது.

"இப்ப உங்க கையைப் பாருங்க."

பார்த்தேன். அவர் விட்டுக்கொடுத்த அந்த ஒரு விரற்கடையை என் விரல்கள் சுருட்டி உள்ளங்கைக்குள் வைத்திருந்தன. வார் முன்னைப் போலவே விறைப்பாக இருந்தது. மறுபடி செய்யச் சொன்னார். அவர் விட்டார், என் கை சுருட்டியது. பத்து முறையும் அப்படியே. நான் நினைத்துச் செய்தால்தானே நிறுத்துவதற்கு? முப்பது வருஷமாகத் துணி அளக்கிற கை இது. எதிர்ப் பக்கம் தளர்ந்தால் தானாகச் சுருட்டும். தளர்ந்த துணியை விட்டுவைத்தால் அளவு போய்விடும், மடிப்பு போய்விடும், கடையே போய்விடும் என்று பழக்கிய கை.

"அது நின்னப்புறமும் ஏங்க்கா பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க?" என்றார் முக்கால்.

இன்னும் கொஞ்சம் ஒழுங்காக நிற்கட்டும் என்றுதான் என்றேன்.

"கேட்டதை அது குடுத்தாச்சு. நீங்க வாங்கிட்டீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

வாளியிலிருந்து எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. முக்கால் வாரைச் சுற்றி வைக்கப் போனார், என் முகத்தைப் பார்க்காமல்.

பிறகு பாடம் அது ஒன்றுதான். நில் என்று கேள், நின்றதும் விரலைத் திற. ஒரு நொடி பிந்தினாலும் மிளகு காதை மடக்கிச் சொல்லிவிடும். விடுவது பிடிப்பதைவிடக் கஷ்டமான வேலை. விட்டதும் வெறுங்கையாக நிற்பதுபோல் இருக்கும், ஏமாந்த மாதிரி இருக்கும். கடையிலும் பழகிப் பார்த்தேன். திரைச்சீலைத் துணி கேட்டு வந்த ஒருவர் விலையைக் குறைத்துச் சொன்னார், நான் உடனே சரி என்றேன். அவர் துணியைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்ற முகத்தோடு கீழே வைத்துவிட்டுப் போனார். குதிரைக்குப் படித்ததைக் கல்லாவில் காட்டாதே என்றார் கணவர்.

மூன்றாம் மாதக் கடைசியில் முக்கால் வேலிக்கட்டையில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். நடை, துள்ளுநடை, வட்டம், மறுபக்க வட்டம், நாலு அடி பாய்ச்சல். கடைசியாக நடுவில் வந்து நிறுத்தினேன். மூச்சை விட்டேன், விரல்களைத் திறந்தேன். மிளகு கழுத்தைத் தாழ்த்தி, மூக்கு மணலைத் தொடுகிற அளவுக்கு இறக்கி, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சு என் தொடைக்குக் கீழே அலைபோல் போயிற்று. நான் அசையவில்லை.

முக்கால் இறங்கி வந்தார். பாய்ச்சல் இன்னும் கண்கொண்டு பார்க்க முடியவில்லை, அதற்கு ஆறு மாதம் ஆகும் என்றார்.

"ஆனா கை தாங்கும். மிளகு இங்கேயே இருக்கட்டும்னு எழுதிடறேன்."

இரண்டு நாள் கழித்துக் கடையில் இருக்கும்போது மகளிடமிருந்து போன் வந்தது. கணவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, என்னைப் பார்த்துப் போனை நீட்டினார். அவளே தொடங்கினாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே ஒரு கொட்டடியும் கொஞ்சம் புல்வெளியும் கிடைத்திருக்கிறதாம். அந்த இடம் கிடைக்கும் என்று மூன்று மாதத்துக்கு முன்னால் தெரியாதாம்.

"மிளகை இங்க கொண்டு வந்துரலாம்னு பாக்கறேன். ஆனா பேச்சுன்னா பேச்சு. நீ பாஸ் பண்ணிட்டேன்னு அவர் எழுதியிருக்கார். நீ வேணாம்னு சொன்னா விட்டுடறேன்."

அவள் ஒரு படி இறங்கி நின்றாள். பதினேழு மாதமாக நான் காத்திருந்த படி. என் வாயில் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கொண்டு போ, ஆனால் வாரம் ஒரு முறை எனக்குப் போன் பண்ணு. கொண்டு போ, ஆனால் இரண்டு நாள் வீட்டில் வந்து தங்கு. எதைக் கேட்டாலும் அந்த நிமிஷம் கொடுத்திருப்பாள். எனக்குத் தெரியும். கைமாறும் நேரத்தை மோப்பம் பிடிக்காதவள் துணிக்கடையில் பிழைக்க முடியாது.

"கூட்டிட்டுப் போ" என்றேன்.



"பதிலுக்கு?"

"பதிலுக்கு ஒண்ணும் இல்ல."

சனிக்கிழமை காலை வண்டியோடு வந்தாள். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டேன், வழியில் ஆயிற்று என்றாள். அதோடு விட்டேன். கணவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியின் சக்கரத்தைச் சோதிக்கப் போய்விட்டார். அதில் அவருக்கு ஒன்றும் தெரியாது.

மிளகு வண்டியில் ஏறவில்லை. சாய்வுப் பலகையில் முன்னங்கால் வைக்கும், மரம் ஒலித்ததும் பின்வாங்கும். டிரைவர் கயிற்றைத் தோளில் போட்டுக் கிணற்றில் இறைப்பதுபோல் இழுத்தார். மிளகின் கண்ணில் வெள்ளை தெரிந்தது. மகள் பின்பக்கத்திலிருந்து, இழுக்காதீங்க என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அதற்குள் நான் கயிற்றைக் கேட்டு வாங்கிவிட்டேன்.

ஒரு சின்ன இழுப்பு. மிளகு பாதி அடி வைத்தது. விரலைத் திறந்தேன். கயிறு தொங்கியது. அது நின்று என்னைப் பார்த்தது. நான் காத்திருந்தேன். மறுபடி ஒரு இழுப்பு, பாதி அடி, திறந்த கை. ஒரு தடவை முழுசாக இறங்கியே போய்விட்டது. இறங்கட்டும் என்று விட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன். டிரைவர் இரண்டு முறை மணி பார்த்தார். அரைமணி நேரத்தில் மிளகு தன் காலால் தானே நடந்து உள்ளே போய் வைக்கோலில் வாய் வைத்தது.

கயிற்றைக் கழற்றிக்கொண்டு இறங்கி வந்தபோது மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மிளகை அல்ல, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் கதவின் கொக்கியை மாட்டினாள். முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கினாள்.

"அங்க வந்து ஒரு நாள் ஓட்டிப் பாரும்மா."

எப்போது என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இந்த மாதமா, அடுத்த மாதமா, எத்தனை நாள். கையில் மிஞ்சியிருந்த கயிற்று நுனியை என் விரல்கள் சுருட்டத் தொடங்கியிருந்தன. பார்த்தேன். திறந்தேன்.

"வர்றேன்."

வண்டி லாயத்து வாசலைத் தாண்டித் திரும்பும்வரை நின்றோம். எப்போது போகிறோமாம் என்று கேட்டார் கணவர். கேட்கவில்லை என்றேன். முதல் விலைக்கே வாங்கிக்கொண்டு போன ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் ஏழு மணிக்குப் போனேன். மூன்றாவது கொட்டடியைக் கழுவிவிட்டிருந்தார்கள். முக்கால் பென்ஷனுக்குச் சேணம் பூட்டி நிறுத்தியிருந்தார். நான் வருவேன் என்று அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"பாய்ச்சல் பாக்கி இருக்குக்கா" என்றார்.

சரி என்றேன்.