பிள்ளைகளுக்குத் தெரிந்த மேளம்

பெர்னடெட் டீச்சர் கண்ணை மூடி உருகிப் பாடிவிட்டுக் கண்ணைத் திறந்தபோது, முன் பெஞ்சில் பாதிப் பேர் தூங்கியிருந்தார்கள். தூங்காதவர்கள் விழித்திருந்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. ஒருத்தி வாயைப் பிளந்துகொண்டு கூரையைப் பார்த்தாள். பவுனம்மாளின் மகள் சீதாலெட்சுமி, இடுப்பில் இருந்த தம்பியின் மூக்கைப் பாவாடை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கோலாலம்பூர் மடத்தில் கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்த பாட்டு அது. அங்கே ஆர்மோனியம் இருந்தது. பாடி முடித்தால் ஆளுக்கொரு ரொட்டியும் கிடைத்தது. இங்கே, கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் போகும் பாதையில், ரப்பர் காட்டுக்குள் ஒளிந்து கிடந்த தோட்டப் பள்ளியில், மரவள்ளிக்கிழங்கை மட்டுமே தின்றுவிட்டு வந்த பிள்ளைகளிடம் சுரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர்கள் அதை வைத்துக்கொண்டு என்னதான் செய்வார்கள்? தூங்கத்தான் செய்வார்கள்.

ரப்பர் விலை பாதாளத்தில் விழுந்திருந்த காலம். பாதிக் காடு பால் வெட்டாமல் கிடந்தது. பல குடும்பங்களைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் பிள்ளைகளையும் புல் வெட்டக் கூட்டிப்போனார்கள். பள்ளிக்கு வந்ததெல்லாம் கைக்குழந்தையோடு வந்த அக்காள்களும், வேலைக்கு லாயக்கில்லாத பொடிசுகளும்தான். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வாசு ஒருநாள் வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், துரையின் வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்.

"மாசக் கடைசியில துரை நேர்ல வருவாரு டீச்சர். பெஞ்சு நெறஞ்சிருந்தா இது பள்ளிக்கூடம். இல்லேன்னா ரப்பர் ஷீட்டு அடுக்குற ஸ்டோர். என்மேல கோவப்படாதீங்க லா, நான் வெறும் வாய்தான்."

வாய்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. பள்ளி போனால் அதன் பின்பக்கத்து அறையும் போகும். அந்த அறையில்தான் அவள் புருஷன் டொமினிக் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ரயில்வே பட்டறையில் ஆள் குறைத்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்றைக்குச் சாமான்களை அவனேதான் வண்டியில் ஏற்றினான். அதோடு பேச்சையும் எங்கோ இறக்கி வைத்துவிட்டான். சோறு வைத்தால் தின்பான். கேட்டால் தலையை ஆட்டுவான். இருவருக்கும் போக்கிடம் என்று ஒரு சொந்தம் கிடையாது. இந்தத் தகரக் கூரையும் போய்விட்டால் கிள்ளான் கடைத்தெருவில் ஏதாவதொரு கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில்தான் பாயை விரிக்க வேண்டும். அதை நினைத்தால் அவளுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

தூக்கம் கெட்டால் புத்தி வேலை செய்யும் போலிருக்கிறது. ஸ்டோருக்குப் பின்னால், வெட்டாத காட்டிலிருந்து கழற்றிய பால் மங்குகள் மலையாகக் கிடப்பதை அவள் பார்த்தாள். மரத்தில் பால் பிடிக்கும் அந்தச் சின்னக் கிண்ணங்களில் கண்ணாடியும் இருந்தது, பீங்கானும் இருந்தது. விரிசல் விட்டவற்றைக் கிராணியிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைகளிடம் மண்ணெண்ணெய்த் தகரமும் கொட்டாங்கச்சியும் கொண்டுவரச் சொன்னாள். மறுநாள் பாட்டு இல்லை. மங்குகளைப் பெஞ்சின்மேல் வரிசையாக வைத்து, ஒன்றில் நிறைய, ஒன்றில் பாதி, ஒன்றில் கொஞ்சமே கொஞ்சம் என்று தண்ணீர் ஊற்றி, ஆளுக்கொரு குச்சியைக் கையில் கொடுத்தாள்.

"தட்டுங்க. ஒடஞ்சா பரவால்ல."

முதலில் யாரும் தொடவில்லை. மங்கு உடைந்தால் வேலை வாங்கும் தண்டல் உதைப்பான் என்று பாலோடு சேர்த்து ஊட்டி வளர்த்த பிள்ளைகள். சீதாலெட்சுமிதான் தம்பியை இறக்கிவிட்டு, பயந்து பயந்து ஒரு தட்டுத் தட்டினாள். டிங்கென்று ஒன்று கிளம்பியது. அவள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டு, பிறகு சிரித்தாள். அப்புறம் யாரைப் பிடித்து நிறுத்துவது? தண்ணீரைக் குடித்துப் பார்த்துச் சத்தம் மாறுகிறதா என்று ஒருத்தன் சோதித்தான். தகரத்தைக் கவிழ்த்து, நிமிர்த்தி, வயிற்றில் வைத்து எல்லாம் அடித்துப் பார்த்தார்கள். பள்ளி இரைச்சலால் ரெண்டுபட்டது. மாதக்கணக்கில் செத்துக் கிடந்த முகங்களில் உயிர் வந்ததைப் பார்த்து பெர்னடெட்டும் சிரித்தாள்.

இரைச்சல் சரி, அதை ஒழுங்குபடுத்த வேண்டுமே. ஒன்று ரெண்டு மூன்று என்று எண்ணிப் பார்த்தாள், மூன்றுக்குள் சிதறிவிட்டார்கள். கடைசியில் அலுத்துப்போய், "ஒங்களுக்கே ஏதாவது மேளம் தெரியுமா?" என்று கேட்டாள்.

புஷ்பவல்லி என்கிற பெண் எழுந்தாள். அவளுடைய அப்பா பக்கிரிசாமிதான் இந்தத் தோட்டத்துக்குத் தப்படிக்கிறவர். துறைமுகத்தில் வேலை தேடிப் போனவர் திரும்பவில்லை. பெண் தகரத்தை எடுத்து மடியில் வைத்து அடிக்க ஆரம்பித்தாள். மெதுவாக ஒன்று, அதை உந்திக்கொண்டு ரெண்டு, ஒரு நிறுத்தம், பிறகு அள்ளிக் கொட்டுகிற மாதிரி வேகமாக ஒரு வரிசை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மற்ற பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் அந்த நிறுத்தத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரு குச்சி பிசகவில்லை. பொடிசுகள் எழுந்து நின்று தோளை ஆட்டி ஆடின.

"யாத்தே! என்ன மேளம் இது?" என்றாள் பெர்னடெட்.

"நம்ம லயத்து மேளம் டீச்சரம்மா," என்றார்கள் பிள்ளைகள்.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். மடத்தில் வளர்ந்தவளுக்கு மேளம் என்றால் திருவிழா. இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளாக கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளின் பக்கமிருந்து அந்தச் சத்தம் தூரத்தில் கேட்டபோதெல்லாம், இந்தக் கஷ்டத்திலும் சாமியை விடாத ஜனங்கள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டவள் அவள். பிள்ளைகளோ, டீச்சரம்மாவுக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

செய்தி பரவியது. பள்ளியில் தண்ணி மங்கு அடிக்கலாம் என்று கேள்விப்பட்டுப் புல் வெட்டப் போன பிள்ளைகள் அடம்பிடித்து வந்தார்கள். மேளம் ஒரு மணிநேரம், அதற்குக் கூலியாக அ, ஆ ஒரு மணிநேரம் என்று பேரம் பேசி வைத்தாள். பெஞ்சு நிறைந்தது, பெஞ்சு போதாமல் தரையும் நிறைந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, கிராணியின் காதைப் புண்ணாக்காமல், விரல் நுனியால் அடித்துப் பழகினார்கள். பின்னறையில் டொமினிக் முகத்தைச் சுவரிலிருந்து திருப்பிக் கதவுப் பக்கமாக உட்கார ஆரம்பித்தான். அதைப் பார்த்த இரவில் அவள் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

துரை வரும் நாள் காலையில், புஷ்பவல்லி வீட்டில் மாட்டியிருந்த அப்பாவின் தப்பையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். காய்ந்த ரப்பர் இலையைக் கூட்டி நெருப்பு வைத்து, தோலை அதில் காட்டிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மங்குகளையும் தகரங்களையும் வெளியே, ஆபீசுக்கு எதிர்த்த மரத்தடியில் வைக்கச் சொன்னாள் பெர்னடெட்.

"வெளியிலயா டீச்சரம்மா?" என்றாள் புஷ்பவல்லி.

"வெளியிலதான். துரை காதுல நல்லா விழ வேணாமா? இன்னிக்கு விரலால இல்ல, கையால அடிக்கணும்."

பெண் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள். சீதாலெட்சுமி இடுப்பில் அன்றைக்குத் தம்பி இல்லை. சின்னானுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தன் மங்கில் தண்ணீரைச் சரிபார்த்தாள். ஆஸ்பத்திரி என்றால் ஆபீசுக்குப் பக்கத்தில் நின்ற பலகை வீடுதான். பவுனம்மா பாவம், பிள்ளையை மருந்து கொடுக்கும் டிரெசரிடம் விட்டுவிட்டு விடிவதற்கு முன்னாலேயே பால் வெட்டப் போயிருந்தாள். போகாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள்.

துரை வந்தார், நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். பெர்னடெட் கையைக் காட்டினாள். தப்பு முழங்கியது. கதவுக்குள் அடக்கி வைத்திருந்தது முழுக்க வெளியே வந்தது. மங்குகள் கூடவே கிணுகிணுத்தன, தகரங்கள் அதிர்ந்தன, பொடிசுகள் புழுதி கிளப்பி ஆடின. துரை தாளத்துக்குப் பிரம்பால் பூட்ஸைத் தட்டினார். சிரிக்கவும் சிரித்தார். பெர்னடெட்டுக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது. ஆபீஸ் படியில் நின்ற கிராணியின் முகம் வெளுத்திருந்ததை அவள் பார்த்தாள். துரை பக்கத்தில் இருக்கும் பயம் என்று விட்டுவிட்டாள்.

காட்டுக்குள்ளிருந்து வந்த அலறல் மேளத்தையும் மீறிக் கேட்டது. பவுனம்மா ஓடிவந்தாள். தலைமயிர் அவிழ்ந்து, கையில் பால் வெட்டும் உளிக்கத்தி இருப்பதே தெரியாமல், "என் ராசா, என் ராசா" என்று மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் வாளிகளைப் போட்டது போட்டபடி பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தியின் சேலையெல்லாம் பால் கொட்டி வழிந்தது. ஆஸ்பத்திரியை நோக்கிப் போன பவுனம்மா மரத்தடியைத் தாண்டும்போது நின்றுவிட்டாள். கையில் குச்சியோடு உட்கார்ந்திருந்த தன் மகளைப் பார்த்தாள்.

"அடிப்பாவி... ஒன் தம்பிக்காடி அடிக்கிறே?"

மேளம் நின்றது. சீதாலெட்சுமி குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "இல்லம்மா, துரைக்கும்மா," என்றாள்.

வாசு பெர்னடெட்டின் அருகில் வந்து பல்லைக் கடித்தபடி சொன்னார். "இது சாவு மேளம் டீச்சர். பாடைக்கு முன்னால அடிக்கிறது. ஒங்களுக்கு நெஜமாவே தெரியாதா?"

பெர்னடெட் பிள்ளைகளின் கையிலிருந்த குச்சிகளைப் பார்த்தாள். மெச்சிக்கொண்ட திருவிழாக்கள் ஒவ்வொன்றாக மனதில் வந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிணம் படுத்திருந்தது. துரைக்கு மேளம் புரியவில்லை. நேரத்தில் ஆலைக்குப் போகாத பாலும், விட்டுவிட்டு வந்த காடும் புரிந்தன. முகம் சிவக்கக் கத்திவிட்டு ஆபீசுக்குள் போனார். வாசு அதைத் தமிழில் சொன்னார். இன்றைக்கு மன்னித்தாயிற்று. இனிமேல் இந்தப் பள்ளிக்காரர்களிடமிருந்து ஒரு சத்தம் காதில் விழுந்தால், பொழுது சாய்வதற்குள் டீச்சரும் புருஷனும் வெளியேற வேண்டும்.

பெண்களைத் தண்டல் காட்டுக்கு விரட்டினான். பெர்னடெட் பின்னறைக்குள் போய்க் கதவில் சாய்ந்து நின்றாள். டொமினிக் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"எனக்குத் தெரியும் பெர்னா," என்றான். துருப்பிடித்த குரல். "மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல நீங்க?"

"புள்ளைங்க சிரிச்சதுங்க. நீயும் சிரிச்சே."

அவனை அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு கதறலாம் போலவும் இருந்தது. அதற்குள் வாசலில் நிழல் தட்டியது. பவுனம்மா நின்றுகொண்டிருந்தாள். காட்டுக்குப் போகவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறாள் என்று பெர்னடெட் தலையைக் குனிந்தாள்.

"இருக்கான் டீச்சரம்மா. மூச்சு இருக்கு. கண்ணுதான் தொறக்கல." பவுனம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "உசிரோட இருக்குற புள்ளைக்கு அந்த மேளத்தை அடிச்சிட்டீங்க. அது கேட்டு வந்துருக்கும், வாசல்ல நிக்கும். கூப்பிட்டது நீங்க. நீங்களே திருப்பி அனுப்பிருங்க."

"நான் என்னம்மா பண்ணணும்?"

"நல்ல மேளம் ஒண்ணு அடிங்க. கல்யாண மேளம், சாமி மேளம், எதுவானாலும். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அடிங்க. வந்தது கேட்டுட்டுப் போயிரும்."

ஆஸ்பத்திரி வாசலில் அடித்தால் ஆபீசில் இருக்கிற துரைக்குக் கேட்கும். அது பவுனம்மாவுக்கும் தெரியும். தெரிந்துதான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். பெர்னடெட் கட்டிலைப் பார்த்தாள், டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள், சுவரில் மாட்டியிருந்த மாதாவைப் பார்த்தாள். மேளத்தைக் கேட்டு எமன் திரும்பிப் போவான் என்று அவள் நம்பவில்லை. நம்பாததைச் செய்து கூரையை இழக்க அவளுக்குப் பைத்தியமா? டொமினிக் எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தான். அவன் புறப்படத் தயாராவதைப் பார்த்து, அவள் வெளியே வந்து மரத்தடிக்குப் போனாள். பிள்ளைகள் இன்னும் கலையாமல் தப்பைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள்.

"புஷ்பவல்லி, கல்யாண மேளம் அடிக்கத் தெரியுமா?"

பெண் விழித்தாள். "தெரியாது டீச்சரம்மா."

"சாமி மேளம்?"

"அப்பா அடிப்பாரு. அப்ப நான் சின்னப்புள்ள. அவரு போனப்புறம் கல்யாணமே நடக்கல, திருநாளும் வெக்கல. பக்கத்துத் தோட்டத்துலேருந்து ஆளு வந்து இது மட்டுந்தான் அடிப்பாங்க. இதான் எங்களுக்குப் பழகிருச்சு." அவள் மற்றவர்களைப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியுமாடி?"

ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தனை பிள்ளைகளில் ஒன்றுக்கும் வேறொரு மேளம் தெரியவில்லை. பெர்னடெட்டுக்கு அழுகை வரவில்லை, ஆங்காரம்தான் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியாத ஆங்காரம். குனிந்து தப்பை எடுத்துத் தோளில் மாட்டினாள். தோல் இன்னும் சூடாக இருந்தது.

"எல்லாரும் எடுத்துக்கிட்டு வாங்க."

ஆஸ்பத்திரி வாசலில் தண்ணீர் சிந்தச் சிந்த மங்குகளைப் புல்லில் வைத்தார்கள். பவுனம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றாள். பெர்னடெட் குச்சியை ஓங்கி அடித்தாள். இடம் தவறி விளிம்பில் பட்டு, கட்டையான ஒரு ஓசை எழுந்தது. மறுபடி அடித்தாள். தானாகக் கை அந்தப் பழைய வரிசைக்குப் போகப் பார்த்தது; இழுத்துப் பிடித்து வேறெங்கோ போட்டாள். ஆபீஸ் கதவு திறந்தது. வாசு ரெண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். பிள்ளைகள் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி, எந்த அடியில் சேர்வது என்று தெரியாமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்திராதீங்க," என்றாள் பவுனம்மா, ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சீதாலெட்சுமியின் குச்சி மங்கில் இறங்கியது, யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு இடத்தில், தன்னந்தனியாக. அடுத்த அடியை எங்கே போடுவது என்று பெர்னடெட்டுக்குத் தெரியவில்லை. கையை ஓங்கினாள்.